பூமியை அளந்த கர்னல்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதத் தெரியாத நான் கொஞ்சம் முழித்தேன். நம் சிவில் துறையில் அனைவருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் முழுதாகப் படிக்காத ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதலாம் என்று பிறகு முடிவு செய்தேன். அவர் வில்லியம் லாம்ப்டன். சர்வே பாடத்தில் முக்கோண அளவை என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரியில் வந்து போகிற பெயர். இரண்டு மார்க் கேள்விக்கு மேல் அவருக்கு நாம் மரியாதை கொடுத்ததில்லை.

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் படிப்பு ஆர்வம் அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு சூளகிரிப் பக்கம் நமக்கு சர்வே கேம்ப் நடந்தது ஞாபகம் இருக்கும். மூன்றாம் நாள் மதியம் பாறைச் சரிவில் டிரைபாட் வைத்தேன். ஒரு காலைச் சரியாக ஊன்றவில்லை. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள், திரும்பிப் பார்த்தேன். தியோடலைட் சாய்ந்து பாறையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓடிப்போய்த் தூக்கினேன். கண்ணாடி உடையவில்லை. ஆனால் டேன்ஜென்ட் ஸ்க்ரூ லேசாக வளைந்திருந்தது, பபிள் ஓரத்திலேயே நின்றது. பக்கத்தில் என் பார்ட்னர் மட்டுந்தான். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். பெட்டியில் வைத்துப் பூட்டி, ஒன்றும் நடக்காத மாதிரி சாம்பார் சாதம் சாப்பிடப் போனோம்.

மறுநாள் அந்தப் பெட்டி பி பேட்சுக்குப் போயிற்று. என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது லாம்ப்டனுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில், நார்தலர்ட்டன் ஊருக்கு அருகே ஒரு சாதாரணக் குடும்பத்தில் 1753 வாக்கில் பிறந்தார் லாம்ப்டன். சொத்து இல்லை, சிபாரிசு இல்லை. பள்ளியில் கணக்கு மட்டும் அபாரமாக வந்தது. படையில் சேர்ந்தார், 33-ஆவது ரெஜிமென்ட்டோடு வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்கர்கள் சண்டையில் வென்று தனி நாடு ஆகிவிட்டிருந்த நேரம் அது. 1783-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அட்லாண்டிக் கடற்கரையில் புதிய நாட்டுக்கும் பிரிட்டனிடம் மிஞ்சிய கனடாப் பகுதிக்கும் இடையே எல்லை எது என்றால், செயின்ட் குரோய் என்ற ஆறு என்று எழுதி வைத்தார்கள். கடலில் விழும் ஆறுகள் அங்கே பல. அதில் செயின்ட் குரோய் எது? யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை!

இந்த எல்லைத் தகராறு தீர்ந்த கதை ருசியானது. 1604-இல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கடற்கரையை வரைபடமாக்க வந்த குழுவில் இருந்தார். ஆற்று முகத்தில் ஒரு சின்னத் தீவில் குடியிருப்புப் போட்டார்கள். 79 பேர் அங்கே குளிர்காலத்தைக் கழித்ததில் 35 பேர் ஸ்கர்வி நோயில் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் அடுத்த ஆண்டே இடம் மாறிப் போய்விட்டார்கள். ஆனால் அந்தத் தீவையும் அதில் கட்டிய வீடுகளையும் சாம்ப்ளேன் படமாக வரைந்து வைத்திருந்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1797-இல் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீவில் தோண்டினார்கள். சுவர்களின் அடித்தளம் கிடைத்தது. இதுதான் அந்த ஆறு என்று 1798-இல் முடிவாயிற்று. ஒரு நல்ல வரைபடம் இரு நாடுகளின் வழக்கையே தீர்த்துவைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, போர்டு கன்னடத்தில் மாறிவிடும் என்று தினம் பஸ்ஸில் பார்க்கிற நமக்கு, எல்லை எது என்றே தெரியாமல் இரண்டு நாடுகள் பதினைந்து வருஷம் இருந்தன என்பது வேடிக்கையாகத்தான் தோன்றும்.

அந்த எல்லைப் பகுதியில்தான், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், லாம்ப்டன் சர்வே வேலை பழகினார். புதிதாகக் குடியேறியவர்களுக்குக் காட்டை அளந்து நிலம் பிரித்துக் கொடுப்பது, எல்லைக்கோடு பிடிப்பது ஆகியவை அவர் வேலை. பிறகு படைக்குடியிருப்புகளைக் கவனிக்கும் உத்தியோகம். மொத்தம் பதின்மூன்று ஆண்டு அந்தக் குளிரில் கிடந்தார். பதவி உயர்வு கிடையாது. சூரிய கிரகணத்தைப் புகைக்கண்ணாடி மாட்டாமல் பார்த்ததில் ஒரு கண் பார்வையும் மங்கிப்போயிற்று என்று சொல்வார்கள். ஆனால் அந்த வருஷங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. வானியலையும், பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் புத்தகங்களையும் தானே படித்தார். வாத்தியார் இல்லை, டியூஷன் இல்லை.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1796-97 வாக்கில், தம் ரெஜிமென்ட்டைத் தேடி இந்தியாவுக்கு வந்தார். அந்த ரெஜிமென்ட்டின் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன் பிரபு.

1799-இல் திப்பு சுல்தான் மீது நான்காம் மைசூர்ப் போர். இங்கேதான் கதை நம்ம ஊருக்குள் நுழைகிறது. கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பாராமகால் 1792-லேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை 1799 மார்ச்சில் ராயக்கோட்டைக்கு வந்து, கெலமங்கலம் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போயிற்று. அந்தக் கூட்டத்தில் நம் லாம்ப்டனும் ஒருவர். ராயக்கோட்டை மலையை அவர் பார்க்காமல் போயிருக்க முடியாது. நம்மில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க ஏறுகிற அதே மலை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது ஓர் இரவு. ஜெனரல் பெயர்டு ஒரு படையைக் கூட்டிக்கொண்டு ஒரு தோப்பைச் சோதித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். நாம் தெற்கே போகவில்லை, வடக்கே திப்புவின் படையை நோக்கிப் போகிறோம் என்றார். ஜெனரல் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், நட்சத்திரம் சொன்னதே சரி. அந்த இரவுக்குப் பிறகு அதிகாரிகள் இந்தப் பேசாமடந்தையைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

போர் முடிந்ததும் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். சென்னைக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்களாகப் பின்னி நாட்டை அளப்பது. வெளியே சொன்ன காரணம், புதிதாகப் பிடித்த மைசூருக்குத் துல்லியமான வரைபடம் வேண்டும் என்பது. உள்ளே இருந்த ஆசை வேறு. பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் தட்டை. எவ்வளவு தட்டை? அதைக் கண்டுபிடிக்க, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு டிகிரி அட்சம் எத்தனை அடி நீளம் என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு நம் தமிழ்நாடு தோதான இடம். ப்ராஜெக்ட் சாங்ஷன் ஆவதற்காக சினாப்சிஸில் ஒன்று எழுதி, மனசுக்குள் ஒன்று வைத்துக்கொள்வது நமக்கும் தெரிந்த வித்தைதானே!

எதிர்ப்பும் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அவர்களே கொண்டுபோய் விடுவார்களே, இதற்கு எதற்கு இத்தனை செலவு என்று நிதிக்குழுவில் ஒருவர் கேட்டாராம். வெல்லெஸ்லியின் ஆதரவு இருந்ததால் திட்டம் பிழைத்தது.

கருவிகள் சேர்ந்த கதை இன்னும் வேடிக்கை. அவரிடம் இருந்த செயின் 100 அடி நீளம், இரண்டரை அடி வீதம் 40 எஃகுக் கண்ணிகள். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே மதிப்பில்லாமல் திரும்பி வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. பெரிய தியோடலைட்டை லண்டனில் கேரி என்பவரிடம் செய்யச் சொன்னார். அரை டன் எடை, வட்டத்தின் விட்டம் மூன்றடி. அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு கவர்னர், இது போர்க்கருவி அல்ல, விஞ்ஞானக் கருவி என்று அறிந்து, பகை நாட்டுக்கே மரியாதையோடு அனுப்பிவைத்தார். 1802 செப்டம்பரில் சென்னை வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பே, 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கிவிட்டார். ஏழரை மைல் நீளம். ஏப்ரல், மே வெயில் எப்படி இருக்கும் என்று சென்னைக்கு வேலை தேடிப்போன நம் சீனியர்களைக் கேளுங்கள். செயினைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து, அதற்குள் செயினைக் கிடத்தி, கூடவே தெர்மாமீட்டர்களையும் வைத்தார். எஃகு வெயிலில் நீளும் அல்லவா. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 அடி எஃகு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டுக்கு ஒரு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நீளாது. ஆனால் 400 தடவை செயின் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் கடைசியில் சுமார் 3 அங்குலம் பிசகும். அந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் அத்தனை பாடு.

ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கோணம்தான். நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்து மறந்த சைன் விதியே போதும். மலை உச்சிக்கு மலை உச்சி கோணம் எடுத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக, சென்னையிலிருந்து ஆற்காடு வழியாக மலைத்தொடர் ஏறி, பெங்களூர் வரை பின்னிக்கொண்டு போனார்கள். அங்கே 1804-இல் அவருடைய உதவியாளர் லெப்டினன்ட் வாரன் இன்னொரு ஏழு மைல் சொச்சக் கோட்டைச் செயினால் அளந்தார். சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 3.7 அங்குலம்! நடுவில் எத்தனை மலை, எத்தனை காடு! நாங்கள் கேம்ப்பில் ஒரு தோப்பைச் சுற்றி வந்ததற்கே குளோசிங் எரர் எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன்.

வாரன் என்றதும் ஒரு கிளைக்கதை. மைசூர் எல்லையைக் குறிக்கப் போனபோது, 1802-இல், மாரிக்குப்பம் பக்கத்தில் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று விசாரித்து எழுதி வைத்தவர் இவரே. கோலார் தங்கவயல் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது, 2001-இல் மூடப்பட்டது. நம் கிருஷ்ணகிரிக்காரர்களின் தாத்தாக்கள் எத்தனையோ பேர் அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்கள்.

மேற்குக் கரையைத் தொட்டபோது பெரிய அதிர்ச்சி. சென்னைக்கும் மங்களூருக்கும் குறுக்கே சுமார் 400 மைல் என்று பழைய படங்களில் இருந்தது. லாம்ப்டன் கணக்கில் 360 மைல்தான். 40 மைல் அகல நாடு காகிதத்தில் காணாமல் போயிற்று.

தெற்கு வடக்காக அவர் பிடித்த நீண்ட தொடரைப் பெரும் வில் என்கிறார்கள். ஏறத்தாழ 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டிக் குமரி முனைப் பக்கத்திலிருந்து வடக்கே போவது. அட்லஸை எடுத்துப் பாருங்கள், அந்த ரேகை ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, சூளகிரியை உரசிக்கொண்டு போகிறது. நான் தியோடலைட்டைக் கீழே போட்ட இடத்துக்கு மிக அருகில்.

தஞ்சாவூர்க் கதை இப்போதுதான். காவிரிச் சமவெளியில் மலை கிடையாது, எங்கு பார்த்தாலும் தென்னை. கோயில் கோபுரங்களின் மேல்தான் கருவியை ஏற்ற வேண்டியிருந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. அரை டன் கருவி ஆடிப்போய்ச் சுவரில் மோதிற்று. டேன்ஜென்ட் ஸ்க்ரூ இருந்த இடத்தில் அடி விழுந்து, மூன்றடி வட்டம் நெளிந்துவிட்டது. அப்படி ஒரு கருவி இந்தியாவில் வேறில்லை. புதிதாக வரவழைப்பதென்றால் மாதக்கணக்கு, கப்பல் தப்பி வந்தால்.

லாம்ப்டன் யார்மீதும் பழி போடவில்லை. தம் கூடாரத்தில் கருவியோடு அடைந்துகொண்டார். முழுதாகக் கழற்றினார். ஒரு பெரிய தட்டைப் பலகையில் வட்டம் இருக்க வேண்டிய சரியான அளவை வரைந்து வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரக்கால்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் பல ஆண்டு அதே கருவியில்தான் வேலை நடந்தது. மெக்கானிக்கல் நண்பர்களே, லேத்தும் இல்லாமல் சிஎன்சியும் இல்லாமல் இதைச் செய்தவர் அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்.

செமினாருக்காக லைப்ரரியில் இந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் பி பேட்சுக்கு நடந்தது இதுதான். அந்தக் கருவியோடு அவர்கள் டிராவர்ஸ் எத்தனை தடவை எடுத்தும் மூடவில்லை. கவனமில்லாமல் வேலை செய்கிறீர்கள் என்று சார் திட்டினார். இரண்டு நாள் முழுக்க வெயிலில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அந்த பேட்ச் லீடர் என் சொந்த ஊர்க்காரன், ஒரே பஸ்ஸில் வருகிறவன். கடைசியில் ரீடிங்கைச் சரிக்கட்டி எழுதிக் கொடுத்து, அதுவும் பிடிபட்டு, கேம்ப் மார்க்கில் அவர்களுக்குத்தான் அடி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சார் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த மூன்று சனிக்கிழமை லேபுக்கு வா என்று மட்டும் சொன்னார். லேப் அண்ணனோடு உட்கார்ந்து அந்தத் தியோடலைட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூவை மாற்றி, பபிளைத் திருத்தி, ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட்டாகச் செய்ததில் புத்தகத்தில் புரியாதது கொஞ்சம் புரிந்தது. பி பேட்சுக்கு மீண்டும் ஒரு நாள் கொடுத்து மார்க்கைத் திருத்தினார் சார். என் ஊர்க்காரன் மட்டும் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் சீட் இருந்தாலும் நின்றுகொண்டே வருவான். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

லாம்ப்டன் கதையில் நமக்கு நெருக்கமான இன்னொரு விஷயம் உண்டு. அவருடைய துணை அளவையாளர்கள் யார்? 1794-இல் சென்னையில் டாப்பிங் என்பவர் எட்டே மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. அங்கே பயின்ற பையன்களைத்தான் லாம்ப்டன் கூட வைத்துக்கொண்டார். அவர்களில் டி பென்னிங் என்ற ஆதரவற்றோர் விடுதிப் பையன் அவருக்கு வலது கை ஆனார். கொடி பிடித்தவர்கள், செயின் தூக்கியவர்கள், மலை உச்சியில் மரம் வெட்டி வழி செய்தவர்கள், காட்டுக்காய்ச்சலில் செத்தவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு சைட்டில் நிற்கப்போகிற நாம் யாருடைய வாரிசு என்று எனக்கு அப்போது தோன்றியது.

கவனிப்பாரின்றி வேலை செய்த லாம்ப்டனைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள்தான் முதலில் கொண்டாடினார்கள். 1817-இல் லண்டன் ராயல் சொசைட்டியும் உறுப்பினராக்கியது. 1818-இல் அந்த வேலைக்குப் பெரும் முக்கோண அளவை என்று அரசே பெயர் சூட்டியது. அதே ஆண்டு உதவிக்கு வந்த இளைஞர் ஜார்ஜ் எவரெஸ்ட். கிழவருக்கும் இளைஞருக்கும் ஒத்துப்போகவில்லை என்று தெரிகிறது. எவரெஸ்ட் வில்லை இமயமலை அடிவாரம் வரை நீட்டினார். அவருக்குப் பின் வந்தவர்கள் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டு, 1865-இல் அவர் பெயரை வைத்தார்கள். அடிக்கோடு போட்டவர் பெயரில் எந்தச் சிகரமும் இல்லை. என் அபிப்பிராயத்தில் இது நியாயமில்லை, ஆனால் லாம்ப்டன் இருந்திருந்தால் கவலைப்பட்டிருக்கமாட்டார்.

இந்தியா வந்த பிறகு அவர் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. குடும்பமும் குழந்தைகளும் இங்கேதான். இருபது ஆண்டில் 1,65,000 சதுர மைலுக்கு மேல் முக்கோணங்களால் மூடினார். எழுபது வயதில், காசநோயோடு, நாக்பூருக்கு முகாமை மாற்றிக்கொண்டு போகும் வழியில், 1823 ஜனவரி 20-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறை அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆண்டு கேம்ப்பிலும் அதே தியோடலைட்டைத்தான் கொண்டுபோனார்கள். ஜூனியர்களுக்கு உதவியாக என்னையும் என் ஊர்க்காரனையும் சார் அனுப்பினார். சூளகிரிப் பாறைமேல் நான் டிரைபாட் காலை ஊன்றும்போது, இன்னும் கொஞ்சம் அழுத்துடா என்றான் அவன். ஏழு மாசத்துக்கப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

— இறுதியாண்டு, சிவில்